யார் அசைத்தாலும் நிற்கும்

சனிக்கிழமையானால் கீழேயிருந்து கார்கள் எங்கள் மலைக்கு ஏறி வரும். பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி கியா பார்ம் சந்தை வரை வண்டிகள் நகராமல் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் கண்ணாடியை இறக்கி, மூக்கை வெளியே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பார்கள். காற்று வாங்க வந்தவர்கள், நன்றாக வாங்கட்டும். ஆனால் அந்தக் காற்றிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, போன மழைக்காலத்திலிருந்து அது போதவில்லை.

முதலில் படிகளில்தான் தெரிந்தது. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசையில், லயத்தில், இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாலையிலிருந்து ஏறவேண்டும். பாதியில் நின்று கைப்பேசியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன், மூச்சு வாங்குகிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது. பிறகு வகுப்பறைக்கும் வந்துவிட்டது. நான் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தவேண்டியிருந்தது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னாள்: "டீச்சர் இப்பல்லாம் கமா போட்டுப் போட்டுப் பேசுறாங்க." நானும் சிரித்தேன். சிரித்து முடிக்க மூச்சில்லாமல் இருமினேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அப்பாவும் அம்மாவும் தேயிலை வெட்டியே என்னை அனுப்பினார்கள். என் பட்டமளிப்புப் படம் எங்கள் வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அம்மா ஊதுவத்தி காட்டும்போது அதற்கும் சேர்த்துக் காட்டுவார். அப்பா என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். பாதி கேலி, பாதி கேலி இல்லை.

கீழே டவுனில் நுரையீரல் மருத்துவரிடம் போனேன். அவர் என் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். நுரையீரல் தடித்துப் போகிறதோ என்று சந்தேகம் இருக்கிறது, ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் மருந்தைத் தொடங்கமாட்டேன் என்றார். தவறான மருந்து இருப்பதையும் கெடுக்கும் என்றார். ஆகவே எல்லாம் அந்தப் படத்தில் வந்து நின்றது. படம் வந்தால் மருந்து. மருந்து வந்தால் ஒருவேளை வகுப்பறையில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லலாம்.

ஸ்கேன் நாள் நெருங்க நெருங்க எனக்குள் ஒன்று நடந்தது. அதற்குப் பயம் என்று பெயர் வைக்க அப்போது நான் விடவில்லை. கரும்பலகையில் வட்டம் வரைந்தால் அந்த இயந்திரத்தின் வாய் தெரிந்தது. இணையத்தில் பார்த்து வைத்திருந்தேன்: வெள்ளை வளையம், நடுவில் நகரும் படுக்கை, அதில் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மல்லாந்து படுத்த ஒருத்தி. மல்லாந்து. நான் மல்லாந்து படுத்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன. தலையணைகளை அடுக்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கிக்கொண்டிருந்தேன். தலையைத் தாழ்த்தினால் நெஞ்சின்மேல் யாரோ தேயிலை மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருக்கும். மூச்சு குறைந்தால் பயம் வரும். பயம் வந்தால் மூச்சு குறையும். எது முதலில் என்று எனக்கே தெரியாது.

அன்று காலை அப்பா பக்கத்து வீட்டு வேனை வாங்கிக்கொண்டு என்னைக் கூட்டிப்போனார். துவைத்துத் தேய்த்த சட்டை போட்டிருந்தார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஆபீசு, எங்கே போனாலும் அதே சட்டை.

ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். இளநீல நிறத்தில் முக்காடு அணிந்திருந்தார். முகத்தில் நல்ல களை. கதவருகில் வந்து மலாயில் கேட்டார்: "போலே பாரிங்?" படுக்க முடியுமா என்று கேட்கிறார். சாதாரணக் கேள்வி.

"போலே, போலே," என்றார் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு. முடியும், முடியும்.

நான் அப்பாவைக் குறை சொல்லவில்லை. ஏனென்றால் அதே நொடியில் என் வாயும் அதையே சொன்னது. "போலே."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். எங்களை யாராவது மேசைக்குப் பின்னாலிருந்தோ, வெள்ளைச் சட்டை போட்டோ, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டோ முடியுமா என்று கேட்டால், கேள்வி முடியும் முன்னே பதில் வந்துவிடும். கணக்கெழுதும் கிராணி கேட்டாலும் போலே, தோட்டத்தை நடத்தும் துரை கேட்டாலும் போலே. தோட்டத்து மருந்துக் கொட்டகையில் காய்ச்சலோடு நிற்கும்போது, நாளைக்கு வேலைக்கு வர முடியுமா என்று கேட்டாலும் போலே. அது பதிலே இல்லை, கும்பிடு மாதிரி ஒன்று. பட்டம் வாங்கியும், மூன்று மொழியில் பேசத் தெரிந்தும், அந்தக் கும்பிடு என் நாக்கிலிருந்து போகவில்லை.

மல்லாந்து படுத்தேன். கையைத் தலைக்கு மேல் வைத்தார்கள். படுக்கை நகர்ந்தது. வளையத்துக்குள்ளிருந்து ஒரு பதிவுக்குரல் பேசியது: "தாரிக் நாஃபாஸ்... தாஹான்." மூச்சை இழு, பிடித்து வை. இழுக்க இருந்தால்தானே பிடித்து வைப்பதற்கு? மூட்டை நெஞ்சில் இறங்கியது. இருமல் வந்தது. அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அசையக்கூடாது என்று நானும் பல்லைக் கடித்தேன், பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் எழுந்து உட்கார்ந்து, படுக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் மூழ்கி மேலே வந்தவளைப்போல் வாயைத் திறந்திருந்ததுதான்.

அந்தப் பெண் ஓடி வந்தார். முதுகைத் தடவினார். "தாக்குத், யா?" என்று மெதுவாகக் கேட்டார். பயமாக இருக்கிறதா? அன்பாகத்தான் கேட்டார். அது எனக்கு அறைந்ததுபோல் இருந்தது.

வெளியே அப்பா அவரிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பொம்பளப் பிள்ளை, பயந்த பிள்ளை, மன்னிச்சுக்கங்க என்று அரைகுறை மலாயில்.

திரும்பும் வழியில் வேனில் சண்டை.

"நீ ஏம்பா போலேன்னு சொன்ன?"

"கேட்டாங்க, சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

"நான் படுக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா? ஒக்காந்துகிட்டே தூங்குறேன்னு தெரியாதா?"

"நீயும்தானலா சொன்ன."

கோபத்தில் பேசியதில் எனக்கு மூச்சு போய்விட்டது. அப்பா ஓரமாக வண்டியை நிறுத்தி, நான் மூச்சைச் சேர்க்கும்வரை காத்திருந்தார். காய்கறி லாரி ஒன்று கோஸ் வாசனையோடு எங்களைக் கடந்து இறங்கியது.

அந்த வாரமே மருத்துவர் கூப்பிட்டார். தூங்க வைத்து, தொண்டையில் குழாய் விட்டு எடுக்கலாம், ஆனால் உன் நுரையீரல் இருக்கும் நிலையில் அதில் ஆபத்து உண்டு, அதற்கு நாளும் பிடிக்கும் என்றார். இல்லாவிட்டால் விழித்திருந்தபடியே இன்னொரு முறை முயலலாம். யோசித்துச் சொல் என்றார். நான் யோசிக்கவில்லை. விழித்திருந்தே எடுக்கிறேன் என்றேன். என் மூச்சை நான் தூங்கும்போது வேறு யாரும் பார்த்துக்கொள்ள வேண்டாம்.

வீரமாகச் சொல்லிவிட்டேன். எப்படிச் செய்வது என்று தெரியவில்லை.

பயிற்சி எடுப்போம் என்று தோன்றியது. எதையும் பயிற்சி எடுத்துத்தான் நான் தேர்வுகளில் தேறியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேசைக்கு அடியில் பாயை விரித்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி மல்லாந்து படுத்தேன். மேசைப் பலகைதான் வளையம். அம்மா வெங்காயத் தட்டோடு வந்து குனிந்து பார்த்தார்.

"என்னடி இது, பொணமாட்டம்?"

"ஸ்கேனுக்குப் பழகுறேம்மா."

"பழகு பழகு. பழகிட்டு அப்படியே மேசைக்கடியில இருக்கிற ஒட்டடையையும் அடிச்சிரு. ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

சிரிப்பு வந்து, இருமல் வந்து, தலையை மேசையில் இடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மறுபடி படுத்தேன். மறுபடி வெளியே வந்தேன். ஒவ்வொரு முறையும் மோசமாகத்தான் போனது. படுப்பதைப் பழகவில்லை, பயப்படுவதைத்தான் பழகினேன் என்று அப்புறம்தான் புரிந்தது.

பள்ளியில் விடுப்பு எடுத்திருந்தேன். மறுநாள் காலை வெயில் வந்ததும், லயத்துக்குப் பின்னால் மேட்டில் போய் உட்கார்ந்தேன். கீழே சரிவில் அப்பாவும் அம்மாவும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டு மெஷினை இரண்டு பேர் தூக்கவேண்டும். நடுவில் தேயிலை நிரை, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வளைந்த கத்தி செடியின் தலையைச் சீவிக்கொண்டே போக, கொழுந்து பின்னால் தொங்கும் நீளத் துணிப்பைக்குள் பறக்கும். எஞ்சின் அம்மா பக்கம். அது போடும் சத்தத்தில் காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் வெட்டுகிறவர்கள் பேசுவதில்லை. கைப்பிடியை ஒரு முறை அசைத்தால் நிறுத்து. இரண்டு முறை அசைத்தால் போகலாம். அவ்வளவுதான் பேச்சு.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா கைப்பிடியை அசைத்தார். அம்மா உடனே விசையை விட்டார். கத்தி நின்றது. அப்பா திரும்பி நின்று சாவகாசமாக மூக்கைச் சிந்தினார். துண்டால் துடைத்தார். அம்மா காத்திருந்தார். வீட்டில் ஒரு டம்ளரை நகர்த்தினாலும் ஏன் என்று கேட்கும் அம்மா அங்கே ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு அசைப்பு. மெஷின் நகர்ந்தது.

பள்ளி விடுமுறையில் ஒருமுறை அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்ததால் அவருக்குப் பதில் நான் போனேன், எஞ்சின் பக்கத்தை அப்பா எடுத்துக்கொண்டார். அப்பா எனக்குச் சொன்னது ஒன்றுதான். "யார் ஆட்டினாலும் நிக்கணும். ஏன்னு கேக்கக்கூடாது. கேக்குற நேரத்துல வெரல் போயிரும்." பாதி நிரையில் எனக்குத் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. வாயால் சொல்ல வெட்கம். கைப்பிடியை அசைத்தேன். அப்பா நின்றார். என்னைப் பார்க்கக்கூட இல்லை, தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். என் தோள் திரும்பி வந்ததும் இரண்டு முறை அசைத்தேன். போனோம். அந்த நிரை முடியும்வரை நான் மறுபடி நிறுத்தவேயில்லை. எந்த நேரமும் நிறுத்தலாம் என்று தெரிந்த பிறகு தோள் அவ்வளவாக வலிக்கவில்லை.

மேட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. நான் பயந்தது வளையத்துக்கு இல்லை. நிறுத்த முடியாத ஒன்றுக்குள் கையைத் தூக்கிக்கொண்டு போவதற்குத்தான். அந்தப் பயத்தில் என்ன தப்பு? நிறுத்த முடியாத மெஷினை என் அப்பா தொடமாட்டார்.

சாயங்காலம் அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"வேலையில நிறுத்துன்னு சொல்றியேப்பா, ஆஸ்பத்திரியில மட்டும் ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கிற?"

"அது மெஷினும்மா."

"இதுவும் மெஷின்தானே?"

அப்பா ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார்: "கேக்குறா பாரு டீச்சரம்மா. பதில் சொல்லு."

"படிக்க வெச்சது தப்பாப் போச்சுலா," என்றார் அப்பா. ஆனால் சிரித்தார்.

"அடுத்த தடவ நீ வா. ஆனா பேசக்கூடாது."

"வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கவா?"

"ஒட்டிக்க."

இரண்டாம் முறை போகும்போதும் பயம் இருந்தது. அதை மறைக்கவில்லை. வேனில் என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது, ஆடட்டும் என்று விட்டேன். அப்பா அதே தேய்த்த சட்டையில் வந்தார். அதே கதவு. அதே பெண். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். அதே கேள்வி: "போலே பாரிங்?"

பக்கத்தில் அப்பாவின் வாய் திறந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மூடிக்கொண்டது.

"தாக் போலே," என்றேன். முடியாது.

அந்த இரண்டு வார்த்தையும் எங்கள் குடும்பத்திலிருந்து ஒரு மேசைக்கு முன்னால் சொல்லப்பட்டதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்பா தன் செருப்பைப் பார்த்தார். யாரோ திட்டப்போகிறார்கள் என்று காத்திருப்பவரைப்போல் தோள்களைச் சுருக்கிக்கொண்டார்.

யாரும் திட்டவில்லை. "அப்படின்னா எப்படிச் செய்யலாம்?" என்று கேட்டார் அந்தப் பெண், மலாயில், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல். சண்டைக்குத் தயாராக வந்திருந்தேன், கேள்விக்கு இல்லை.

பிறகு சொன்னேன். கமா போட்டுப் போட்டுத்தான் சொன்னேன். மல்லாந்து படுத்தால் மூச்சு வராது. பயமும் இருக்கிறது, ஆனால் மூச்சு வராததும் நிஜம், ஒன்றைச் சொன்னால் மற்றது பொய் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. தலைப்பக்கம் உயர்த்தவேண்டும். பதிவுக்குரல் சொல்லும் அளவுக்கு மூச்சைப் பிடிக்க என்னால் ஆகாது. கடைசியாக, நான் உள்ளங்கையை ஒரு முறை உயர்த்தினால் நிறுத்தவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. இரண்டு முறை உயர்த்தினால் தொடரலாம்.

அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். என் வேலை என்ன என்று விசாரித்தார். சொன்னேன்.

"ஓ, சிக்குவா," என்று சிரித்தார். ஆசிரியையா. "அதான் இவ்வளவு காராங்." கண்டிப்பு என்று அர்த்தம். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவர் தன் பங்குக்குச் சொல்ல ஆரம்பித்தார். ஆப்பு வடிவில் ஒரு தலையணை இருக்கிறது, கொஞ்சம் உயர்த்தலாம், வளையத்தில் இடிக்காத அளவுக்கு. தலைக்குப் பதில் காலை முதலில் உள்ளே விடலாம், அப்போது முகம் பெரும்பாலும் வெளியே இருக்கும். மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைக்கலாம். பதிவுக்குரலை நிறுத்திவிட்டு அவரே பேசுவார், பிடிக்க முடிந்தவரை பிடித்தால் போதும். அதுவும் ஆகாவிட்டால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே எடுத்துப் பார்க்கலாம், படம் கொஞ்சம் மங்கும், மருத்துவரிடம் சொல்லிக்கொள்ளலாம். இவ்வளவும் முதல் நாளிலேயே அந்த அறைக்குள் இருந்திருக்கிறது. நான் போலே என்று சொன்னதால் அலமாரியிலேயே இருந்துவிட்டது.

அப்பாவை வெளியே உட்காரச் சொன்னார்கள். போகும்போது என் கையைப் பிடித்து ஒரு முறை அசைத்தார். நிறுத்து என்ற அர்த்தத்தில் இல்லை. வேறு எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

படுக்கை நகர்ந்தது. கால், இடுப்பு, நெஞ்சு. முகம் விளிம்புக்கு வெளியே நின்றது, கூரையில் ஒரு மஞ்சள் கறை தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: இழுங்க, பிடிங்க. பிடித்தேன். வளையம் உறுமியது. இருமல் தொண்டைக்குள் ஏறுவது தெரிந்தது. மூட்டை இறங்கியது. இனிமேல் முடியாது என்ற அந்தப் பழைய நொடி வந்தது.

உள்ளங்கையை உயர்த்தினேன்.

நின்றது. உண்மையாகவே நின்றது. இருமினேன். யாரும் ஓடி வரவில்லை, முதுகைத் தடவவில்லை, தாக்குத்தா என்று கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல் மட்டும். கூரைக் கறையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் எதையோ தேடுவதுபோல் குனிந்திருந்தார். அப்பா தொப்பிக்குள் தேடியதுபோல.

பயம் போகவில்லை. அது என் பக்கத்தில் படுத்திருந்தது. ஆனால் விசை என் கையில் இருந்தது.

உள்ளங்கையை இரண்டு முறை உயர்த்தினேன்.

அந்த முறை முடித்தோம். அவர் வந்து படுக்கையை வெளியே இழுத்து, கட்டைவிரலைக் காட்டினார். படம் தெளிவாக வந்திருக்கிறது. அதில் என்ன இருந்தது என்பது பிறகு மருத்துவர் சொன்னது. நல்லதுமில்லை, அவர் பயந்த அளவுக்குக் கெட்டதுமில்லை. மருந்து தொடங்கியாயிற்று. நான் இன்னும் கமா போட்டுத்தான் பேசுகிறேன், ஆனால் கொஞ்சம் குறைவாக. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த வளையத்துக்குள் போகவேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் கால் ஆடத்தான் போகிறது. ஒவ்வொரு முறையும் கதவருகிலேயே என் விதியைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். கேட்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அன்று வெளியே வந்தபோது அப்பா எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண் பின்னாலேயே வந்து, என் மூச்சு சீராகும்வரை கொஞ்ச நேரம் இங்கேயே காத்திருக்க முடியுமா என்று அப்பாவிடம் கேட்டார். "போலே, பாக்சிக்?" பாக்சிக் என்றால் மாமா.

அப்பா தொண்டையைச் செருமினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தாக் போலே," என்றார். "மகளுக்குப் பசிக்குது."

எனக்குப் பசியே இல்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முகம் சிவந்து, கண் பெரிதாகி, முதன்முதலாகச் சைக்கிளை ஒற்றையாக ஓட்டியவரைப்போல் இருந்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டு, சரி, எதிர்க்கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள், போகுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

எதிரே தமிழ் முஸ்லிம் கடை. அப்பா இரண்டு ரொட்டி தின்றார். தேத்தண்ணீர் சீனி அதிகமாக இருந்தது. அவர் கையை உயர்த்திக் கடைக்காரரைக் கூப்பிட்டு, வேறு போட்டுத் தரச் சொன்னார்.